தாய்மாமன் படகு

சேசு மரி சூசை துணை

அனுமந்தன்பட்டி,
ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை.

கொச்சியில் இருக்கும் மாப்பிள்ளை அருண் ஜோசப்புக்கு,

உன் அக்கா ஜெயமேரியைக் கட்டிய மரியராஜ் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், அது முறை. ஆகையால் விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ நலமாகத்தான் இருக்கிறாய். வாட்ஸ்அப் படத்தில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய், பார்த்தேன். இங்கே உன் அக்கா நலம், உன் மருமகள் பெனிட்டா நலம், உன் படகும் நலம். என்னைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வைகாசியிலிருந்து நாற்பத்தொரு தடவை அடித்திருக்கிறேன், நீ எடுக்கவில்லை. படம் அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. ஸ்பீடு போஸ்ட் என்றால் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியாக வேண்டும். அந்தக் கையெழுத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெனிட்டா கல்யாணம் வருகிற 28ஆம் தேதி. இன்று காலைப் பூசையில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்தான். பந்தல் போட வேண்டிய என் வீட்டுக் களத்தில் இருபத்தாறு அடி நீளத்துக்கு உன் படகு நிற்கிறது. அது நீ உன் மருமகளுக்குச் செய்த சீரா, அல்லது நிறுத்த இடமில்லாமல் என் தலையில் கட்டிய பழைய சாமானா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்.

அது வந்த லட்சணம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். வைகாசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெரியகுளத்திலிருந்து வேனில் வந்துகொண்டிருக்கிறார்கள். வாசலில் கொட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். உள்ளே சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தாயிற்று, தாய்மாமன் தட்டு வைக்கிற இடம் மட்டும் காலி. உன் அக்கா அந்த இடத்தில் ஒரு சொம்பை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தெரு முனையில் ஒரு நீள லாரி திரும்புகிறது, அதன் மேல் ஒரு படகு, படகின் மூக்கில் ஆளுயரச் சாமந்தி மாலை. குமுளி மலையில் இறங்கப் பயந்துபோய் டிரைவர் போட்ட மாலையாம் அது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்து இறங்கியிருக்கிறான். கொட்டுக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா? மாலை போட்ட வண்டி விசேஷ வீட்டைப் பார்த்து வருகிறது, சீர் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். லாரிக்கு முன்னால் ஆடிக்கொண்டே வீட்டு வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டான். யார் அனுப்பியது என்று உன் அக்கா கேட்க, கொச்சி அருண் ஜோசப் சார், அக்கா வீட்டில் இறக்கச் சொன்னார் என்று டிரைவர் சொல்கிறான்.

அப்போதுதான் என் போனில் உன் குரல் வந்தது. நாலு வருஷமாகப் பேசாதவன் பேசின முதல் பேச்சு அது. “மச்சான், ஏலத்துல ஒரு பழைய போட்டு எடுத்தேன். யார்டுல இடமில்ல. பதினஞ்சு நாளைக்கு உங்க களத்துல நிக்கட்டும்.” வேறொன்றும் இல்லை. பெனிட்டாவுக்கு நிச்சயம் என்று உனக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தாள் உன் அக்கா, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரும்புவதற்குள் அவள் ஆரத்தித் தட்டோடு படகுக்கு முன்னால் நிற்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிய, ஊரே பார்க்க, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள். “எந்தம்பி மறக்கல, பாத்தீகளா” என்று எல்லோரிடமும் சொல்கிறாள். வேனை விட்டு இறங்கின சம்பந்தி ஞானதுரை, அவர் மாந்தோப்புக்காரர், லேசில் எதற்கும் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை, அவரே கும்பிட்டார். தாய்மாமன் சீராக நகை வரும், சேலை வரும், படகு வந்து இதுவரைக்கும் பார்த்ததில்லை என்று வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். ஆரத்தி எடுத்து இறக்கின பொருளை, ஐயா இது சீர் இல்லை, பார்க்கிங் என்று எந்த வாயால் சொல்வது? நான் மென்று விழுங்கினேன். அன்றைக்கு விழுங்கினது இன்றைக்கு வரைக்கும் செரிக்கவில்லை.

பதினைந்து நாளில் எடுத்திருந்தாலும் மெருகு போடக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று ஒப்பேற்றியிருப்பேன். நீ எடுக்கவில்லை. பதினாறாவது நாள் சம்பந்தி போன் பண்ணி, கல்யாணம் முடிந்து குடும்பத்தோடு வைகை அணையில் ஒரு சுற்றுப் போகலாமா என்று ஆசையாகக் கேட்கிறார். அங்கே நம் படகை விடுவார்களா என்று போய் விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. சீர் என்று பேராகிவிட்டது, இனி அது சீர் மாதிரி இருந்தாக வேண்டும். நீ அனுப்பினது எப்படி இருந்தது தெரியுமா? பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து, கேபின் ஜன்னல் இரண்டு உடைந்து, மெத்தைக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டு, கக்கூஸ் கதவைத் திறந்தால் கையோடு வருகிறது. ஊரில் நாலு பேர் வந்து பார்த்து, தாய்மாமன் கொஞ்சம் சிக்கனக்காரர் போல என்றார்கள். உன் அக்கா காதில் அது விழுந்தது. மறுநாள் நான் ஸ்பானரை எடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் டிராக்டர் பட்டறை நடத்தினவன், ஓய்வாக இருக்கலாம் என்று மூடிவிட்டு வந்தவன், உன்னால் மறுபடி கிரீஸ் படிந்த கைலிக்குத் திரும்பினேன். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவன் நீ. படகைச் செப்பனிடுகிறவன் டிராக்டர் மெக்கானிக்.

முதலில் பலகை. இந்தப் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று உனக்கு மறந்திருக்காது. தண்ணீரிலேயே கிடந்த மரம், அந்தக் காற்றில் மூன்று வாரம் நின்று காய்ந்து, பலகைக்குப் பலகை விரல் போகிற அளவு இடுக்கு விட்டுவிட்டது. கொல்லத்துப் படகு ஆசாரி ஒருத்தரின் நம்பரைக் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருத்தரிடம் வாங்கிப் பேசினேன். பஞ்சும் குங்கிலியப் பிசினும் வைத்து இடுக்கை அடைக்கச் சொன்னார். நாட்டு மருந்துக் கடையில் போய் நாலு கிலோ குங்கிலியம் கேட்டேன். கடைக்காரர் எழுந்து நின்று, வீட்டில் யாருக்கு, எவ்வளவு நாளாக என்று கேட்கிறார். படகுக்கு என்றேன். மனசு சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசி, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். அடைத்து முடித்து மறுபடி ஆசாரிக்குப் பேசினால், “இனி உள்ளுக்க முட்டளவு வெள்ளம் நிறச்சு நாலு திவசம் வைக்கணும் சேட்டா, மரம் வீங்கித் தானே அடையும்” என்கிறார். அவருக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம், நாள் என்றால் திவசம். சரி என்று கிணற்று மோட்டாரைப் போட்டு உள்ளே தண்ணீர் விட்டேன், வெளிப்பக்கம் கீழ்ப்பலகைகளுக்கு ஈரச்சாக்குப் போர்த்தினேன். விட்ட தண்ணீர் எல்லா இடுக்கிலும் ஊற்றுகிறது. பக்கத்துத் தோட்டத்து அம்மாவாசி வேலியோரம் வந்து நின்றான். “ஏண்ணே, படகுக்கு வெளியதான தண்ணி இருக்கணும். நீங்க என்ன உள்ள ஊத்துறீக?” மரவேலை நுணுக்கத்தை அவனுக்கு நான் எப்படி விளக்குவேன்? போடா அங்கிட்டு என்றேன். அவன் போய் ஊர் பூராவும் சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள்.

ஆசாரி சொன்னது சரிதான், நாலாம் நாள் ஒழுக்கு நின்றது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாம் நாள் டெங்குக் கொசு பார்க்கிற இரண்டு பெண்கள் நோட்டோடு வந்தார்கள். தேங்காய்ச் சிரட்டை, டயர், ஆட்டுக்கல் எதிலாவது தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். ஒருத்தி ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். ஏறினவள் இறங்கவே இல்லை, மேலேயிருந்து மற்றவளைக் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு புழுவை ஒரே இடத்தில் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்கள். படகின் பக்கவாட்டில் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்கள். அது சாக்குக்கு மேலே நான் மூன்று கோட் பெயிண்ட் அடித்துக் காய வைத்திருந்த பக்கம், மாப்பிள்ளை.

அடுத்தது இன்ஜின். நாலு சிலிண்டர் டீசல், அது எனக்குப் புதுசு இல்லை. இறுகிப்போய்க் கிடந்ததை டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்து, நாசில் கழற்றிச் சுத்தம் பண்ணி, பதினெட்டு நாளில் சுற்ற வைத்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. டிராக்டர் ஸ்டார்ட் ஆனதும் அதை ஓடவிட்டு டீ குடிப்பது என் வழக்கம். அதே மாதிரி ஓடவிட்டு டீ குடித்தேன். படகு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, வெளியில் இருக்கிற தண்ணீரை இழுத்துத்தான் குளிரும், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே சுற்றுகிற ரப்பர் விசிறி கருகிப்போகும் என்று யாராவது எனக்குச் சொன்னார்களா? நீ சொல்லியிருக்கலாம். உனக்கு இது தினசரி வேலை. பாதி டீக்குள் ரப்பர் நாற்றம் வந்தது. அந்த விசிறியின் நம்பரைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், நீல டிக் வந்தது, அவ்வளவுதான். ஆசாரி மூலமாகச் சொல்லிவைத்து பஸ் பார்சலில் வரவழைத்தேன்.

இரண்டாம் தடவை கிணற்றுத் தண்ணீரை ஓஸ் போட்டு உள்ளே கொடுத்து ஓட்டினேன். போகிற தண்ணீர் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும் அல்லவா? புகைக்குழாய் வழியாகத்தான் வருமாம். அன்றைக்குப் பார்த்து சம்பந்தி ஞானதுரை சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நேரே படகின் பின்பக்கம் போய் நின்று புரொப்பல்லரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை வருஷத்துக் கரியோ, அவ்வளவும் தண்ணீரோடு கலந்து அவர் மேல்தான் வந்தது. நான் இன்ஜினை நிறுத்தினேன். உன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்த மனுஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, நல்ல வேகம் என்றார். கல்யாணம் நின்றுபோகாமல் இருப்பது அவர் குணத்தால், உன்னால் அல்ல. அம்மாவாசியோ அந்தத் தண்ணீரைத் தன் கத்தரிக்குத் திருப்பிவிடத் தினம் ஒரு மணி நேரம் ஓட்ட முடியுமா என்று கேட்கிறான்.

இன்னும் கேள். அடியில் ஒரு துத்தநாகக் கட்டி திருகியிருந்தது, அரித்துப்போய் அசிங்கமாக. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன், படத்தை ஆசாரிக்குப் பெருமையாக அனுப்பினேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அரிக்கிறதுதான் அந்தக் கட்டிக்கு வேலையாம், அது அரிபட்டால் மற்ற இரும்பெல்லாம் தப்பிக்குமாம், பெயிண்ட் அடித்தால் அது சும்மா இருக்குமாம். இந்தக் குடும்பத்தில் அந்தக் கட்டி யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பந்தல்காரன் கர்ணன் வந்து பார்த்துவிட்டு, படகை எடுக்காமல் கால் ஊன்ற இடமில்லை, வேண்டுமானால் படகையே மேடையாக்கிப் பொண்ணு மாப்பிள்ளையை மேலே உட்காரவைக்கலாம், போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறான். பெனிட்டா அதற்குச் சரி என்கிறாள். நான் கத்தினேன். மற்றபடி நான் மத்தியானத்தில் அந்தக் கேபினுக்குள் படுத்துத் தூங்குவதாகவும், பித்தளைக் கைப்பிடிகளைத் தினம் துடைப்பதாகவும் யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் நம்பாதே. வீட்டில் விருந்தாள் கூட்டம். காற்று நன்றாக வருகிறது. அவ்வளவுதான்.

நீ ஏன் வராமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் வருஷப் பூசைக்கு, பூசை முடிந்து பந்தி நடக்கும்போது வந்தாய். இலையில் உட்கார்ந்தாய். நான் சாம்பார் வாளியோடு வந்து, பூசைக்கு வர நேரமில்லை, சோற்றுக்கு மட்டும் நேரம் கிடைத்துவிட்டதோ என்றேன். நீ கையைக்கூட நனைக்காமல் எழுந்து போனாய். ஒரு வார்த்தை. மச்சான் முறையில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அதற்கு நாலு வருஷமா? உன் அக்கா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு வைத்து, நீ வரவில்லை என்று ஜனவரியில் எறும்புக்குக் கொட்டுகிறாள். நான் கேட்டால், யாருக்கு வச்சேன், சும்மாதான் என்கிறாள். அந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு, அவள் சீர் என்று நம்புவது பொய் என்று தெரிந்த ஒரே ஆளாக மூன்று மாசம் இருந்து பார், அப்புறம் உன் கோபத்தைப் பற்றிப் பேசலாம்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இருபதாம் தேதிக்குள் லாரி அனுப்பிப் படகை எடு. எடுக்காவிட்டால் இருபத்தொன்றாம் தேதி ரம்பம் வைத்து அறுத்துக் கல்யாண அடுப்புக்குப் போடுவேன், காய்ந்த மரம், நன்றாக எரியும். சம்பந்தியிடம் நீயே போன் போட்டு அது சீர் இல்லை என்று சொல். உன் அக்காவிடமும் நீயே சொல், அதை என்னால் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். இந்தக் கவரில் பத்திரிகை இருந்தால் அது உன் அக்கா வைத்தது, எனக்குச் சம்பந்தமில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தேவமாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வேறு வழியில்லை.

இப்படிக்கு,
இன்னமும் உன் மச்சானாகவே இருக்கும்
ஞா. மரியராஜ்

பின்குறிப்பு: திங்கட்கிழமை சாயங்காலம். கவரை ஒட்டலாம் என்று எடுத்தேன், வாசலில் லாரிச் சத்தம். அதே டிரைவர். படகை எடுத்து வரச் சொல்லி நீ அனுப்பினாயாம், இவ்வளவு நாள் இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லச் சொன்னாயாம். அதை அவன் உன் அக்கா முன்னால் வைத்தே சொல்லிவிட்டான். எனக்கு நிமிர முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க போனைக் காதுல வச்சுக் கேட்டப்ப நான் உங்க பின்னாலதான் நின்னேன், அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நாலு வருசம் கழிச்சு அவன் அனுப்புனது ஏதோ ஒண்ணு நம்ம வாசல்ல வந்து இறங்குச்சு. அதுக்குத்தான் ஆரத்தி எடுத்தேன்” என்றாள். சொல்லிவிட்டு டிரைவருக்கு இலை போட உள்ளே போய்விட்டாள்.

லாரியைச் சும்மா திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே எழுதினதில் தேதி சரி, விலாசம் சரி, மற்றதை அடித்துவிடு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மூன்று மாசக் கோபம், கிழிக்க மனசு வரவில்லை. அது சீரா சாமானா என்று நீ இனிமேல் பதில் சொல்ல வேண்டாம். கர்ணனிடம் படகைச் சுற்றிப் பந்தல் போடச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இலையில் உட்கார்ந்தவனை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இங்கேயே வாசித்துக்கொள். 28ஆம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருக்க வேண்டும். பெண்ணுக்குத் தாய்மாமன் எங்கே என்று சம்பந்தி என்னைத்தான் கேட்பார். படகையா காட்டுவேன்?